பட்ஜெட் தடையே இல்லாத கனவு கணினி: ஒரே மெஷினா, இரண்டா?

கீற்றுநிலா:

எல்லோருக்கும் வணக்கம். காசைப் பற்றிக் கவலையே இல்லை என்று வைத்துக்கொண்டு ஒரு முழு செட்டப்பைத் திட்டமிட்டுப் பார்க்கிறேன். வாங்கிக் கோத்தால் நிஜமாகவே நன்றாக ஓட வேண்டும். விலை உயர்ந்த பாகங்களின் பட்டியலாக மட்டும் நின்றுவிடக் கூடாது.

வேலைகள்: 8கே வீடியோ எடிட்டிங், பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டரிங், 70 பில்லியன் பாராமீட்டர் அளவுள்ள மொழி மாடல்களைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டுவது, 4கே கேமிங். இவை போக, நாள் முழுக்கக் கோடும் கட்டுரையும் படிக்கிற வேலை.

இப்போதைக்கு எழுதி வைத்திருப்பது: த்ரெட்ரிப்பர் ப்ரோ 9995டபிள்யூஎக்ஸ் ப்ராசஸர், 512 ஜிபி ராம், ஆர்டிஎக்ஸ் 5090 கிராபிக்ஸ் கார்டு இரண்டு, பிசிஐஇ 5.0 எஸ்எஸ்டி நான்கு, 32 இன்ச் 4கே 240 ஹெர்ட்ஸ் ஓஎல்இடி மானிட்டர் மூன்று, எல்லாவற்றுக்கும் கஸ்டம் வாட்டர் கூலிங்.

மூன்று கேள்விகள். இதையெல்லாம் ஒரே மெஷினில் அடக்கலாமா, பிரித்துப் போடுவது நல்லதா? இந்தப் பட்டியலில் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை எவை? மேசையில் உட்கார்ந்தால் ஃபேன் சத்தம் காதில் விழவே கூடாது என்றால் என்ன வழி?

மின்தச்சன்:

பிரித்துப் போடுங்கள். காசு என்ற தடையை எடுத்துவிட்டால் அடுத்து வந்து நிற்பவை சூடு, சத்தம், சுவரிலிருந்து வரும் மின்சாரம், பிசிஐஇ லேன் (கார்டும் எஸ்எஸ்டியும் ப்ராசஸரோடு பேசும் பாதை). இந்த நான்கையும் காசு கொடுத்து ஓரளவுக்கு மேல் தள்ள முடியாது. எல்லாவற்றையும் ஒரே கேபினெட்டுக்குள் திணித்தால் நான்கும் சேர்ந்து கழுத்தைப் பிடிக்கும்.

ப்ராசஸரில் இருந்து தொடங்குகிறேன். 9995டபிள்யூஎக்ஸில் 96 கோர், 192 த்ரெட். ரெண்டரிங், பெரிய கோடு கம்பைல், சிமுலேஷன் என்று துண்டு துண்டாகப் பங்கு போடக்கூடிய வேலை எதுவானாலும் அது அபாரம். கேமுக்குத் தேவை வேறு. பெரும்பாலான கேம்கள் எட்டு கோருக்கு மேல் கொடுத்தாலும் அதிகம் பயன்படுத்திக்கொள்வதில்லை. ஒற்றைக் கோரின் வேகமும், கோருக்கு அருகிலேயே இருக்கும் பெரிய கேஷும் (அதிவேகச் சிறு நினைவகம்)தான் அங்கே எடுபடும். அதனால் விலையில் பல மடங்கு கீழே இருக்கும் ரைசன் 9 9950எக்ஸ்3டி கேமில் த்ரெட்ரிப்பரை முந்திவிடும். அதில் 16 கோர், 128 எம்பி எல்3 கேஷ். கூடுதல் கேஷ் இரண்டு சில்லுகளில் ஒன்றின் மேல்தான் இருக்கிறது என்பதால், ஏஎம்டியின் சிப்செட் டிரைவரை ஒழுங்காகப் போட்டு, விண்டோஸில் கேம் மோடை ஆன் செய்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கேம் தவறான எட்டு கோர் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஆக என் கணக்கு இப்படி.

மெஷின் ஒன்று, தினசரி வேலைக்கு: 9950எக்ஸ்3டி, ஆர்டிஎக்ஸ் 5090 ஒன்று. கேம், எடிட்டிங், கோடு எல்லாம் இதில். 5090இன் வீடியோ இன்ஜின் 4:2:2 10-பிட் எச்.264, எச்.இ.வி.சி கோப்புகளை நேரடியாக டிகோட் செய்யும். முந்தைய 40 வரிசைக் கார்டுகளுக்கு அந்த வசதி கிடையாது. கேமராவில் இருந்து வரும் கோப்பை ப்ராக்ஸி (தரம் குறைத்த நகல்) இல்லாமல் டைம்லைனில் இழுத்துப் போட இதுவே பெரிய காரணம்.

மெஷின் இரண்டு, உழைப்புக்கு: த்ரெட்ரிப்பர் ப்ரோ, 512 ஜிபி, பெரிய நினைவகம் உள்ள கார்டுகள். ரெண்டரும் மொழி மாடலும் இங்கே. இதற்கு மானிட்டரே வேண்டாம், நெட்வொர்க் வழியாகவே வேலை வாங்கலாம். ஒரு ரெண்டர் ராத்திரி முழுக்க ஓடினாலும் முதல் மெஷினில் உங்கள் வேலை தடைபடாது.

ராமில் பலர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. மெஷின் ஒன்றில் நான்கு ஸ்லாட் இருந்தாலும் இரண்டு குச்சி மட்டும் போடுங்கள். ரைசன் 9000 வரிசைக்கு ஏஎம்டி உறுதி தரும் வேகம் இரண்டு குச்சிக்கு டிடிஆர்5-5600. நான்கு போட்டால் அதுவே 3600க்கு இறங்கிவிடும். 64 ஜிபி குச்சி இரண்டு, எக்ஸ்போ ப்ரொஃபைலில் (ராமில் பதிந்து வரும் வேக அமைப்பு) 6000 என்று ஓட்டினால் 128 ஜிபியும் கிடைக்கும், வேகமும் கெடாது. மெஷின் இரண்டில் நேர்மாறு. அதில் மெமரி சேனல் எட்டு, எட்டையும் நிரப்ப வேண்டும். 512 ஜிபிக்கு 128 ஜிபி குச்சி நான்கு போட்டால் அளவு சரிதான், ஆனால் பாதி சேனல் காலி, பேண்ட்விட்த்தும் பாதி. 64 ஜிபி எட்டுதான் சரி. அதற்கு ரெஜிஸ்டர்டு ஆர்டிம் வகை வேண்டும். டிடிஆர்5இல் ஆர்டிமுக்கும் சாதாரணக் குச்சிக்கும் வெட்டு இருக்கும் இடமே வேறு, அதில் இருப்பதைக் கழற்றி இதில் போட முடியாது.

512 ஜிபியோடு முதல் முறை ஆன் செய்யும்போது திரை பல நிமிடம் கறுப்பாகவே இருக்கும். மெமரி ட்ரெயினிங் நடக்கிறது. போர்டு செத்துவிட்டது என்று நினைத்து பட்டனை அழுத்தி நிறுத்தினால் மறுபடி முதலில் இருந்து தொடங்கும். போர்டில் இருக்கும் இரண்டு இலக்க டீபக் எண் மாறிக்கொண்டே இருந்தால் பொறுமையாக விட்டுவிடுங்கள்.

லேன் பற்றி ஒரு வார்த்தை. மெஷின் ஒன்றின் ஏஎம்5 சாக்கெட் ப்ராசஸரில் சிப்செட்டுக்குப் போனது போக மீதி 24 லேன். கார்டு 16 எடுத்துக்கொள்ளும். பல போர்டுகளில் இரண்டாவது பிசிஐஇ 5.0 எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டதும் கார்டின் 16 லேன் 8 ஆகிவிடும். போர்டின் கையேட்டில் பிளாக் டயகிராம் பக்கத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கோத்த பிறகு ஜிபியு-இசட் என்ற மென்பொருளில் சரிபார்க்கலாம். சும்மா இருக்கும்போது கார்டு மின்சாரம் சேமிக்கத் தலைமுறையை 1.1 வரை இறக்கிக் காட்டும், ஆகவே ஏதாவது லோடு கொடுத்துக்கொண்டே பாருங்கள்.

நுண்சில்லு:

பிரிக்கச் சொன்னது முற்றிலும் சரி. கிராபிக்ஸ் கார்டு கணக்கை நான் சொல்கிறேன், ஏனென்றால் 5090 இரண்டு என்ற இடத்தில்தான் திட்டம் வழுக்குகிறது.

ஒரு 5090இல் 32 ஜிபி நினைவகம், இரண்டு சேர்ந்து 64 ஜிபி என்பது மொழி மாடலுக்கு மட்டும் உண்மை. மாடலின் லேயர்களைப் பாதிப் பாதியாக இரண்டு கார்டில் பிரித்து வைக்க மென்பொருளுக்குத் தெரியும். பிளெண்டரில் கதை வேறு: அதன் சைக்கிள்ஸ் ரெண்டர் இன்ஜினுக்கு முழு சீனும் ஒவ்வொரு கார்டிலும் தனித்தனியாக ஏற வேண்டும். 40 ஜிபி சீன் என்றால் இரண்டு 5090 இருந்தும் இடம் பற்றாது, சிஸ்டம் ராமுக்கு வழிந்து வேகம் படுத்துவிடும். கார்டுகளைச் சேர்த்துக் கட்டும் என்வி-லிங்க் 5090இல் கிடையாது.

மொழி மாடலுக்கு எவ்வளவு நினைவகம் வேண்டும் என்பதைப் பேனா பிடித்தே போட்டுவிடலாம். 70 பில்லியன் பாராமீட்டர், ஒவ்வொன்றுக்கும் 16 பிட் என்றால் 140 ஜிபி. 8 பிட்டுக்குச் சுருக்கினால் 70. 4 பிட் என்றால் 35, ஆனால் சுருக்கும்போது கூட வைக்கும் அளவுக் குறிப்புகளோடு நடைமுறையில் 40ஐத் தொடும். இதோடு முடியவில்லை. உரையாடல் நீள நீள கேவி கேஷ், அதாவது இதுவரை படித்ததை மாடல் நினைவில் வைக்கும் இடம், வளரும். லாமா 3 70பி மாடலை எடுத்துக்கொள்ளுங்கள்: 80 லேயர், லேயருக்கு 8 கேவி ஹெட், ஹெட்டுக்கு 128 எண், கீ ஒன்று வேல்யூ ஒன்று, எண்ணுக்கு 2 பைட். பெருக்கினால் டோக்கனுக்கு (சொல் அல்லது சொல்லின் துண்டுக்கு) 320 கேபி. 32,000 டோக்கன் நீளத்துக்குச் சுமார் 10 ஜிபி, 1,28,000க்கு 40 ஜிபி. பலர் மாடல் கோப்பின் அளவை மட்டும் பார்த்து கார்டு வாங்கிவிட்டு, நீண்ட ஆவணத்தைக் கொடுத்ததும் நினைவகம் போதவில்லை என்ற பிழையில் நிற்பது இதனால்தான்.

ஆகவே மெஷின் இரண்டுக்கு ஆர்டிஎக்ஸ் ப்ரோ 6000 பிளாக்வெல். 96 ஜிபி, ஈசிசி (நினைவகப் பிழையைத் தானே திருத்தும் வசதி) உண்டு. 8 பிட் 70பி மாடலும் 10 ஜிபி கேஷும் ஒரே கார்டில் அடங்கும். இரண்டு போட்டால் 16 பிட்டே ஓடும். இரண்டு போடுவதாக இருந்தால் மேக்ஸ்-க்யூ பதிப்பைத்தான் எடுக்க வேண்டும். அது 300 வாட், ப்ளோயர் ஃபேன். சூட்டைக் கேபினெட்டுக்குப் பின்னால் வெளியே தள்ளிவிடும். 600 வாட் பதிப்பில் காற்று கார்டின் ஊடே போய்க் கேபினெட்டுக்குள்ளேயே இறங்கும். இரண்டை அடுத்தடுத்து வைத்தால் கீழ்க் கார்டின் சூடான காற்றை மேல்க் கார்டு உறிஞ்சும்.

வேகம் எவ்வளவு வரும் என்பதற்கும் எளிய கணக்கு உண்டு. ஒரு டோக்கன் எழுத மாடலின் எடைகள் முழுவதையும் ஒரு தடவை படித்தாக வேண்டும். ப்ரோ 6000, 5090 இரண்டுக்குமே நினைவக வேகம் விநாடிக்கு 1,792 ஜிபி. 70 ஜிபி மாடலுக்கு வகுத்தால் விநாடிக்கு 25 டோக்கன் உச்சவரம்பு, 40 ஜிபிக்கு 45க்குக் கொஞ்சம் கீழே. அதே 40 ஜிபியை த்ரெட்ரிப்பரின் ராமில் வைத்தால், எட்டு சேனல் டிடிஆர்5-6400 தருவது 409.6 ஜிபி, எனவே 10. சாதாரண இரண்டு சேனல் 6000 ராமில் 96 ஜிபி, விநாடிக்கு 2 டோக்கனைத் தாண்டுவதே பாடு. ஆப்பிளின் எம்3 அல்ட்ரா மேக் ஸ்டுடியோ 2025இல் வந்தபோது 512 ஜிபி வரை ஒருங்கிணைந்த நினைவகத்தோடு கிடைத்தது, வேகம் 819 ஜிபி. மிகப் பெரிய மாடலைக் குறைந்த மின்சாரத்தில், சத்தமில்லாமல் ஓட்டிப் பார்க்க அது நல்ல வழி. நீண்ட கேள்வியைப் படித்து முடிப்பதில் மட்டும் என்விடியா கார்டுகளை அதனால் எட்ட முடியாது, ஏனென்றால் அந்தக் கட்டத்தில் நினைவக வேகத்தைவிடக் கணக்குப் போடும் திறன்தான் முக்கியம்.

5090இன் பவர் கனெக்டர் பற்றி எச்சரித்தே ஆக வேண்டும். 12வி-2×6 வழியாக 600 வாட் போனால் 50 ஆம்பியர். ஆறு 12 வோல்ட் பின்கள், பின்னுக்கு 8.3 ஆம்பியர். ஒரு பின்னின் வரம்பே 9.5க்குப் பக்கம். அதாவது மிச்ச இடம் மிகக் குறைவு. ஒன்றிரண்டு பின் சரியாகத் தொடாவிட்டால் அவற்றின் பங்கும் மற்றவற்றின் மேல் ஏறி, பிளாஸ்டிக் உருகும். புதிய வடிவத்தில் சென்ஸ் பின்களைக் குட்டையாக்கியிருக்கிறார்கள், சரியாக ஏறாத கனெக்டரில் மின்சாரமே வராது. ஆனால் ஏறிய கனெக்டரில் மின்னோட்டம் பின்களுக்கு இடையே சமமாகப் பிரியும் என்பதற்கு அது உறுதி தராது.

செய்ய வேண்டியவை: மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியோடு வந்த கேபிளை மட்டும் பயன்படுத்துங்கள், அடாப்டர் வேண்டாம். கார்டைப் போர்டில் பொருத்துவதற்கு முன்பே, மேசையில் வைத்து கனெக்டரை நேராக அழுத்துங்கள். டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்த்தால் கனெக்டருக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே நகக்கீறல் அளவு இடைவெளிகூடத் தெரியக் கூடாது. கனெக்டரில் இருந்து முதல் 35 மிமீ வரை கேபிள் வளையக் கூடாது. கேபினெட்டின் கண்ணாடிக் கதவு அழுத்தினால் கேபினெட்டை மாற்றுங்கள். கடைசியாக, பவர் லிமிட்டை 575இல் இருந்து 450 வாட்டுக்கு இறக்குங்கள். வேகத்தில் இழப்பு சில சதவீதம்தான், பின்களின் மேல் சுமை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும்.

குளிர்பெட்டி:

மின்சாரமும் சூடும் என் பக்கம்.

முதலில் போட்ட ஒற்றை மெஷின் திட்டத்தைக் கூட்டிப் பாருங்கள். ப்ராசஸர் 350, கார்டுகள் 1,150, ராம், எஸ்எஸ்டி, பம்ப், ஃபேன் எல்லாம் 150. மொத்தம் 1,650 வாட், எஸ்எம்பிஎஸ்ஸின் இழப்பைச் சேர்க்காமலே. 120 வோல்ட் நாடுகளில் 15 ஆம்பியர் சர்க்யூட்டின் உச்சம் 1,800 வாட், தொடர்ந்து ஓடும் லோடுக்கு 80% விதிப்படி 1,440தான். பிரேக்கர் ரெண்டரின் நடுவில் விழும். 230 வோல்ட் நாடுகளில் 16 ஆம்பியர் பாயிண்டில் 3,680 வாட் வரை இடம் உண்டு, பிரச்சினை குறைவு. பிரித்த பிறகு மெஷின் ஒன்று சுமார் 900 வாட், மெஷின் இரண்டு சுமார் 1,100 வாட். ஒவ்வொன்றுக்கும் தனி சர்க்யூட், தனி எர்த் உள்ள பாயிண்ட். எஸ்எம்பிஎஸ் இரண்டிலும் ஏடிஎக்ஸ் 3.1, 1,300 வாட்டுக்குக் குறையாமல். கார்டு ஒரு கணம் இரு மடங்கு இழுத்தாலும் சுருண்டு போகாதபடி அந்தத் தரத்தில் விதி இருக்கிறது.

யுபிஎஸ் வாங்கும்போது விஏ எண்ணைப் பார்க்காதீர்கள், வாட் எண்ணைப் பாருங்கள். 3,000 விஏ, பவர் ஃபேக்டர் 0.9 என்றால் 2,700 வாட். ஆன்லைன் வகை, ப்யூர் சைன் வேவ். மலிவான யுபிஎஸ்களின் படிக்கட்டு அலையில் நல்ல எஸ்எம்பிஎஸ்கள் சில நேரம் அப்படியே அணைந்துவிடும். பேட்டரி ஐந்து நிமிடம் தாங்கினால் போதும், யுஎஸ்பி வழியாகச் சொல்லி மெஷின்கள் தானாக ஷட்டவுன் ஆக வேண்டும். அந்த அமைப்பைச் செய்து முடித்ததும் சுவர் ஸ்விட்சை நிறுத்தி ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் அறைக்குள் சூடாகத்தான் வெளியே வரும். இரண்டும் முழு வேகத்தில் ஓடினால் 2,000 வாட், அதாவது மணிக்கு 6,800 பிடியு (ஏசியின் திறனை அளக்கும் வெப்ப அலகு). ஒரு டன் ஏசி எடுக்கக்கூடியது 12,000. பாதிக்கு மேல் கணினிக்கே போய்விடுகிறது. இதில் வாட்டர் கூலிங் எதையும் மாற்றாது. தண்ணீர் சூட்டை இடம் மாற்றுகிறதே தவிர, குறைப்பதில்லை.

அதனால் சத்தத்துக்கு உண்மையான தீர்வு, இரண்டு மெஷினையும் பக்கத்து அறையில் வைப்பது. ஃபேன் வேகத்தை இரட்டிப்பாக்கினால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபெல் ஏறும். ஒரு சுவரும் மூடிய கதவும் அதைவிட அதிகமாக விழுங்கும். அப்படி வைத்துவிட்டால் கஸ்டம் வாட்டர் கூலிங் தேவையே இல்லை. 350 வாட் த்ரெட்ரிப்பருக்கென்றே பெரிய ஏர் கூலர்கள் இருக்கின்றன, அவை எட்டு வருடம் ஆனாலும் கசியாது. ஃபேன் தேய்ந்தால் ஃபேனை மட்டும் மாற்றினால் போதும்.

அறைக்குள்ளேயே வைத்தாக வேண்டும், அமைதியும் வேண்டும் என்றால்தான் வாட்டர் கூலிங் லூப். அப்படியானால் இவற்றைக் கவனியுங்கள். மெதுவான ஃபேனில் 120 மிமீ ரேடியேட்டர் பரப்புக்கு 100 வாட் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். மெஷின் ஒன்றின் ப்ராசஸரும் கார்டும் சேர்ந்து 750 வாட் என்றால் 360 ரேடியேட்டர் இரண்டு பற்றாது, மூன்று வேண்டும். கேபினெட்டுக்கு வெளியே நிற்கும் ஒன்பது ஃபேன் ரேடியேட்டர் ஒன்று போட்டால் இன்னும் சுலபம். சில்லின் மேல் உட்காரும் பிளாக் செம்பு என்றால் ரேடியேட்டரும் செம்பு அல்லது பித்தளையாகத்தான் இருக்க வேண்டும். அலுமினியம் கலந்தால் அரிப்பு தொடங்கி, சில மாதத்தில் பிளாக்கின் நுண்ணிய பள்ளங்களில் கசடு அடைத்துக்கொள்ளும். பால் போன்ற வண்ணத் திரவங்களும் அடைக்கும், நிறமற்ற கூலன்ட்டே நல்லது.

திரவம் ஊற்றும் முன் கைப் பம்பால் 0.5 பார் அளவு காற்றழுத்தம் ஏற்றி 15 நிமிடம் விடுங்கள். முள் இறங்கினால் எங்கோ ஓ-ரிங் உட்காரவில்லை. ஊற்றும்போது மதர்போர்டுக்கு மின்சாரம் போகக் கூடாது. எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் கனெக்டரை ஜம்பர் போட்டு, பம்பை மட்டும் விட்டு விட்டு ஓட்ட வேண்டும். ரிசர்வாயரில் மட்டம் இறங்கியதும் நிறுத்தி, நிரப்பி, மீண்டும். பம்ப் வறண்டு ஓடினால் பேரிங் போய்விடும். கேபினெட்டை நாலா பக்கமும் மெல்லச் சாய்த்தால் ரேடியேட்டர் மூலையில் சிக்கிய காற்று குமிழாக வரும். ஃபேன் வேகத்தை ப்ராசஸர் சூட்டோடு கட்டாமல் தண்ணீரின் சூட்டோடு கட்டுங்கள். ப்ராசஸர் சூடு விநாடிக்கு விநாடி தாவும், ஃபேனும் அதோடு ஏறி இறங்கி எரிச்சலூட்டும். தண்ணீர் நிதானமாக ஏறும்.

கீற்றுநிலா:

மிக்க நன்றி. இரண்டு மெஷின், இரண்டுமே பக்கத்து அறையில், ஏர் கூலிங் என்று மாற்றிக்கொண்டேன். 5090 ஒன்று, ப்ரோ 6000 மேக்ஸ்-க்யூ இரண்டு. இப்போது மேசைக்கும் மெஷினுக்கும் இடையே கேபிள் பாதை 12 மீட்டர் வரும். 4கே 240 ஹெர்ட்ஸ் சிக்னல் அவ்வளவு தூரம் தாங்குமா? மூன்று ஓஎல்இடி என்ற யோசனையில் ஏதாவது கோளாறு உண்டா? ஸ்டோரேஜ் பற்றியும் யாராவது சொல்லுங்களேன்.

ஒளித்திரை:

மூன்று ஓஎல்இடி வேண்டாம், ஒன்று போதும். உரை படிக்க அது சரியான திரை இல்லை. 32 இன்ச் 4கே என்றால் அங்குலத்துக்கு 140 பிக்சல்தான். க்யூடி-ஓஎல்இடி திரைகளில் சிவப்பு, பச்சை, நீலத் துணைப் பிக்சல்கள் முக்கோணமாக அமைந்திருக்கும். விண்டோஸின் கிளியர்டைப் (எழுத்தைக் கூராக்கும் வசதி) அவை வரிசையாக நிற்பதாக நினைத்துக்கொண்டு எழுத்தை வரையும். விளைவு, எழுத்தின் விளிம்பில் மெல்லிய பச்சையும் ஊதாவும். ஞ, ஜ, ணு போன்ற எழுத்துகளின் உட்சுழியைச் சிறிய அளவில் பாருங்கள், நடுவில் இருக்கும் வெற்றிடம் கலங்கித் தெரியும். நாள் முழுக்கப் படிப்பதற்கு 27 இன்ச் 5கே அல்லது 32 இன்ச் 6கே ஐபிஎஸ் திரை எடுங்கள், அங்குலத்துக்கு 220 பிக்சலை ஒட்டி வரும். அதில் 200% ஸ்கேலிங் வைத்தால் எழுத்து அச்சடித்த மாதிரி நிற்கும். டாஸ்க்பாரும் எடிட்டரின் பக்கப் பட்டியும் மணிக்கணக்கில் அசையாமல் நிற்பதால் வரும் பர்ன்-இன் (படம் திரையில் தழும்பாகப் படிவது) கவலையும் இல்லை.

ஆகவே நேர் எதிரே 6கே, அதற்கு ஒரு பக்கமாகக் கேமுக்கும் வீடியோவுக்கும் ஓஎல்இடி. நிறத் திருத்தம் தீவிரமாகச் செய்வீர்கள் என்றால் மூன்றாவதாக ஒரு ரெஃபரன்ஸ் மானிட்டர், அதை கிராபிக்ஸ் கார்டில் சொருகாமல் டெக்லிங்க் போன்ற வீடியோ அவுட்புட் கார்டு வழியாகக் கொடுங்கள். அப்போது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கலர் மேனேஜ்மென்ட் குறுக்கே வராது. சாதாரண எச்டிஆர் அல்லாத வேலைக்கு டி65 வெண்மை, 100 நிட், காமா 2.4 என்று கேலிப்ரேட் செய்ய வேண்டும். ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுந்தால் இந்த எண்களுக்கு அர்த்தமே இல்லை. திரைக்குப் பின் சுவரில் 6500 கெல்வின் மங்கல் விளக்கு ஒன்று இருக்கட்டும்.

இப்போது கேபிள். 3840×2160, 240 ஹெர்ட்ஸ், 10 பிட் நிறம் என்றால் படத்துக்கு மட்டும் விநாடிக்கு 59.7 ஜிகாபிட். எச்டிஎம்ஐ 2.1இன் உச்சம் 48, டிஸ்ப்ளேபோர்ட் 1.4இன் உச்சம் 32.4. இவை இரண்டிலும் டிஎஸ்சி சுருக்கம் இல்லாமல் போகாது. டிஸ்ப்ளேபோர்ட் 2.1இல் யுஎச்பிஆர்20 வேகத்தில் 80 ஜிகாபிட், சுருக்காமலே போகும். 5090இல் அந்த போர்ட் மூன்று, எச்டிஎம்ஐ ஒன்று. ஆனால் அந்த வேகத்துக்கான சாதாரண செம்புக் கேபிள் ஒரு மீட்டரை ஒட்டியே நின்றுவிடும். ஆக்டிவ் வகை டிபி80எல்எல் 3 மீட்டர் வரை. 12 மீட்டருக்கு ஒளியிழை தவிர வேறு வழியில்லை.

என் பரிந்துரை, சான்று பெற்ற அல்ட்ரா ஹை ஸ்பீட் எச்டிஎம்ஐ ஒளியிழைக் கேபிள் போட்டு, டிஎஸ்சியோடு ஓட்டுங்கள். டிஎஸ்சி இருப்பதைக் கண்ணால் கண்டுபிடிப்பது மிகக் கடினம். அந்தக் கேபிளுக்குத் திசை உண்டு. சோர்ஸ் என்று குறித்த முனை கணினிப் பக்கம். சுவருக்குள் இழுத்த பிறகு மாற்றிப் போட்டது தெரிந்தால் முழுதும் உருவ வேண்டியதுதான். 6கே திரைக்கு டிஸ்ப்ளேபோர்ட் ஒளியிழை, 60 ஹெர்ட்ஸ் என்பதால் சிரமம் இல்லை.

கீபோர்டு, மவுஸ், ஆடியோவுக்கு ஒரு ஒளியிழை யுஎஸ்பி கேபிள், மேசை முனையில் சொந்த அடாப்டர் உள்ள ஹப். ஒளியிழை டேட்டாவைத்தான் கொண்டுபோகும், ஹப்புக்குத் தேவையான மின்சாரத்தை அல்ல. அடாப்டர் இல்லாத ஹப் போட்டால் ஹார்ட் டிஸ்கைச் சொருகியதும் மவுஸ் சேர்ந்து அறுந்து போகும். பவர் பட்டன் எல்லோரும் மறந்துபோகும் ஒன்று. போர்டின் முன்பக்க பேனல் பின்னில் இருந்து இரண்டு இழை மெல்லிய வயரை 12 மீட்டர் நீட்டி, மேசைக்கு அடியில் ஒரு புஷ் பட்டன் வைத்தால் போதும். அதில் ஓடுவது மிகச் சிறிய சிக்னல், தூரம் பிரச்சினை இல்லை.

மின்தச்சன்:

மானிட்டர் தேர்வில் எனக்கும் அதே கருத்து. ஸ்டோரேஜுக்கு வருகிறேன்.

நான்கு பிசிஐஇ 5.0 எஸ்எஸ்டி எதற்கு என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். தொடர் வாசிப்பில் விநாடிக்கு 14,000 எம்பி என்பது பெரிய கோப்பை நகலெடுக்கும்போது மட்டும் தெரியும். சிஸ்டம் பூட் ஆவதும் மென்பொருள் திறப்பதும் சின்னச் சின்ன 4கேபி வாசிப்புகள், அவை வரிசையில் ஒவ்வொன்றாக வரும்போது எந்த எஸ்எஸ்டியும் 100 எம்பியை ஒட்டித்தான் தரும். அதனால் சிஸ்டத்துக்கு நல்ல பிசிஐஇ 4.0 டிரைவ் ஒன்றும், எடிட்டிங் கேஷுக்கு 5.0 டிரைவ் ஒன்றும் போதுமானவை. 5.0 டிரைவுக்குக் கனமான ஹீட் சிங்க் வேண்டும், ஒட்டும் பேடின் மேல் உள்ள பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டுப் பொருத்துங்கள். உரிக்காமல் விட்டு, சூட்டில் வேகம் விழுவது அடிக்கடி நடக்கிறது.

8கே ஃபுட்டேஜ் எல்லாம் தனி சர்வரில். ப்ரோரெஸ் 422 எச்க்யூ என்ற வீடியோ வடிவம் 4கே 24 ஃபிரேமுக்கு விநாடிக்கு 707 மெகாபிட். 8கே அதைப் போல் நான்கு மடங்கு, விநாடிக்குச் சுமார் 350 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 1.27 டிபி. மல்டிகேமில் (பல கேமரா எடிட்டிங்) நான்கு ஸ்ட்ரீம் ஒன்றாக ஓடினால் 1.4 ஜிபி. 10 ஜிகாபிட் நெட்வொர்க்கின் உச்சம் 1.25 ஜிபி என்பதால் அங்கே ஃபிரேம் விழும். 25 ஜிகாபிட் எஸ்எஃப்பி28 கார்டுகளை மூன்று மெஷினிலும் போட்டு, ஒரே அறைக்குள் டேக் (குட்டையான செம்பு) கேபிளால் ஸ்விட்சில் இணையுங்கள். சர்வரில் 24 டிபி ஹார்ட் டிஸ்க் எட்டு, இசட்எஃப்எஸ் கோப்பு முறை, அதில் ரெய்டு-இசட்2 அமைப்பு. இரண்டு டிஸ்க் ஒரே நேரத்தில் போனாலும் தரவு நிற்கும், கையில் சுமார் 144 டிபி. எல்லாம் சிஎம்ஆர் வகையாக (தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாதவை) இருக்க வேண்டும். தடங்கள் ஏறி அமைந்த எஸ்எம்ஆர் டிஸ்க் ஒன்று கலந்தாலும் ரீபில்ட் நாள்கணக்கில் இழுத்து, நடுவில் தோற்கும். நடப்பு ப்ராஜெக்ட்டுக்கு அதே சர்வரில் எஸ்எஸ்டி மிர்ரர் ஒன்று தனியாக வையுங்கள், ஏனென்றால் டைம்லைனில் முன்னும் பின்னும் தாவும்போது ஹார்ட் டிஸ்க் திணறும்.

ரெய்டு பேக்கப் ஆகாது. தவறுதலாக அழித்த ஃபோல்டரை எட்டு டிஸ்கும் சேர்ந்து அழித்துவிடும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில். மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பில் இருந்து ஏதாவது ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள்.

குளிர்பெட்டி:

பக்கத்து அறை என்று முடிவான பின் இரண்டு விஷயம். சாத்திய சின்ன அறைக்குள் 2,000 வாட் போனால் காற்று வெளியேற வழி இல்லாமல் அரை மணியில் அடுப்பறை ஆகிவிடும். கதவின் கீழ் காற்று உள்ளே வர ஒரு கிரில், எதிர்ச் சுவரின் மேல் பகுதியில் எக்ஸாஸ்ட் ஃபேன், அல்லது அந்த அறைக்கே தனி ஏசி. ஏசி என்றால் தண்ணீர் வடியும் இடத்துக்கு நேர் கீழே எதையும் வைக்க வேண்டாம். அறையில் ஒரு டெம்பரேச்சர் சென்சார், 35 டிகிரி தாண்டினால் ரெண்டரை நிறுத்தும்படி ஒரு ஸ்கிரிப்ட்.

அடுத்தது சுவருக்குள் போகும் பைப். எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் தலைகள் அகலமானவை. 25 மிமீ பைப்பில் முதல் கேபிள் போய்விடும், மூன்றாவது மாட்டிக்கொள்ளும். உள்விட்டம் 50 மிமீ எடுங்கள். 90 டிகிரி எல்போ வைக்காமல் நீண்ட வளைவாகக் கொண்டு போங்கள், கூர்மையாக மடங்கினால் ஒளியிழை உடைந்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. மின்சார வயர் அந்தப் பைப்பில் வரக் கூடாது, அதற்குத் தனிப் பைப். இழுப்பதற்கு முன் ஒவ்வொரு கேபிளையும் தரையில் விரித்து, இரு முனையும் சொருகி, 240 ஹெர்ட்ஸில் ஒரு மணி நேரம் ஓட்டிச் சோதியுங்கள். இழுத்து முடித்த பிறகும் ஒரு நைலான் கயிற்றைப் பைப்புக்குள்ளேயே விட்டுவையுங்கள், அடுத்த தலைமுறைக் கேபிளை இழுக்க அதுதான் உதவும்.